நாடியைத் தூக்குங்க

அன்புள்ள ஊராருக்கும், வெளியூரிலிருந்து வந்தவர்களுக்கும், வர முடியாமல் பணம் அனுப்பியவர்களுக்கும் வணக்கம்.

வெள்ளத்தில் போன நம் பள்ளியின் ஓவிய அறைக்கும் பாட்டு அறைக்கும் பணம் திரட்டிய விழா முடிந்து, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பந்தலைப் பிரித்து, நாற்காலிகளை எண்ணி அனுப்பி, வசூலை மூன்று பேர் மூன்று முறை எண்ணி எழுதி வைத்தபோது மணி பதினொன்றரை. அப்போதே இதை எழுத உட்கார்ந்தேன், ஓடவில்லை. இன்று செவ்வாய். தொண்டை இன்னும் கட்டித்தான் இருக்கிறது. அதனால் நேரில் வந்து சொல்ல வேண்டியதையெல்லாம் எழுதிவிடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நீங்களும் அதே தண்ணீரில்தான் நின்றீர்கள். எங்கள் ஓவிய அறையும் பாட்டு அறையும் என்ன ஆயின என்பதும் உங்களுக்குத் தெரியும். உள்ளே கிடந்த கரிசல் சேற்றை வாரிக் கொட்டியதே நீங்கள்தானே.

முறைப்படி விழாத் தலைவரிலிருந்து தொடங்க வேண்டும். மன்னித்துக்கொள்ளுங்கள், நான் ஒரு துணியிலிருந்து தொடங்குகிறேன்.

ஏலத்துக்குப் படம் வேண்டும் என்று நோட்டீஸ் போட்டிருந்தோம். பிள்ளைகள் வரைந்தது, யார் வீட்டிலாவது சும்மா தொங்கும் தஞ்சாவூர் ஓவியம், பழைய சிவகாசி காலண்டர், இப்படித்தான் ஏதாவது வரும் என்று நினைத்தேன். பத்து நாளைக்கு முன்னால் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஸ்டூடியோ வைத்திருக்கும் அண்ணாச்சியிடமிருந்து போன். "டீச்சர், எங்கிட்ட ஒரு கோட்டை இருக்கு. வித்துக்கிடுங்க. ஆனா ஆட்டோவுல வராது."

குட்டியானையில் வந்தது. மூங்கிலில் சுருட்டிய காடாத்துணி, ஸ்டூடியோவில் ஆட்களுக்குப் பின்னால் தொங்கவிடும் சீன், எட்டடி அகலம், பத்தடி உயரம். பள்ளி வராண்டாவில் விரித்ததும் அந்துருண்டை வாசனை தூக்கியடித்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தக் கோட்டையை நான் வர்ணிக்க வேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேரின் கல்யாண போட்டோவில் பின்னால் நிற்பது அதுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். வெள்ளைக் கோட்டை. கூம்புக் கூரை போட்ட இரண்டு கோபுரம், அதில் ஒன்றின் உச்சியில் நம் கோயில் கலசம். வாசலிலிருந்து இறங்கும் படி, படிக்குக் கீழே குளம், குளத்தில் ஒற்றை அன்னம். ஓரத்தில் தென்னை. இரண்டு கோபுரத்திலும் கொடி பறக்கிறது. ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே.

வரைந்தது அண்ணாச்சியின் மூத்த அண்ணன், 1970களின் தொடக்கத்தில். இப்போது அவர் இல்லை. கொழும்பிலிருந்து யாரோ கொண்டுவந்த பிஸ்கட் டப்பா மூடியைப் பார்த்து வரைந்ததாம். கொடி ஏன் இரண்டு பக்கம் பறக்கிறது என்று அப்போதே கேட்டதற்கு, "ரெண்டு பக்கமும் ஆளு நிக்கும்லா, ரெண்டு பக்கமும் காத்து வேணும்லா" என்றாராம். இருபது வருஷமாகப் பிள்ளைகளுக்குத் தொலைதோற்றம், வெளிச்சம், நிழல் என்று சொல்லிக்கொடுக்கிறேன். இதற்கு மறுத்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

இந்த ஊர்ப்பக்கத்துக்கு இது புதிய வேலையும் இல்லை. ஓவியர் கொண்டைய ராஜு 1940களில் கோவில்பட்டிக்கு வந்து சேர்ந்ததே ஒரு நாடகக் கம்பெனிக்கு சீன் எழுத, அதாவது மேடைத் திரை வரையத்தான். கம்பெனி கலைந்தது, அவர் இங்கேயே தங்கிவிட்டார். அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நாடு முழுக்கப் பூஜை அறைக்குள் போயின. அந்தப் பெயர்கள் எல்லோருக்கும் தெரியும். அண்ணாச்சியின் அண்ணன் மாதிரி, பெயர் போடாமல் ஸ்டூடியோவுக்கு சீன் எழுதியவர்களைத்தான் யாருக்கும் தெரியாது.

துணியில் ஒரு குறை இருந்தது. அதாவது, குறை என்றுதான் நினைத்தேன். கீழ் விளிம்பிலிருந்து நாலடி உயரத்தில், குளக்கரையை ஒட்டி, பழுப்பாக ஒரு வரிசைக் கறை. அதற்கு மேலே, ஐந்தடி உயரத்தில், படிக்கட்டின் மேல் இன்னொரு வரிசை. உள்ளங்கை அகலத்துக்கு வட்டம் வட்டமாக இருந்தது. பூஞ்சணம் என்று நினைத்துப் பஞ்சை நனைத்து ஓரமாகத் தொட்டேன். கறை அப்படியே இருந்தது, பஞ்சு நீலமாகிவிட்டது. வச்சிரப் பசையில் கரைத்த பொடி வண்ணம், ஒரு சொட்டுத் தண்ணீர் தாங்காது. அண்ணாச்சி வீட்டுப் பரண் மேல் இருந்ததால்தான் டிசம்பரைத் தாண்டியிருக்கிறது. பக்கத்தில் குந்தியிருந்த அண்ணாச்சி சிரித்தார். "அது தலையில வச்ச தேங்காண்ணெய் டீச்சர். ரூம் சின்னது, ஸ்டூல ஒட்டித்தான் போடணும். எண்ணெய் போவாது. தொடைச்சா கோட்டைதான் போவும்."

கீழ் வரிசை உட்கார்ந்தவர்களின் தலை, மேல் வரிசை நின்றவர்களின் தலை. அதற்கப்புறம் அந்தத் துணியை என்னால் வெறும் படமாகப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகள் வந்து பார்த்துவிட்டு, "இது கட்டபொம்மன் கோட்டையா டீச்சர்?" என்றார்கள். பாஞ்சாலங்குறிச்சியில் அவர்கள் சுற்றுலா போய்ப் பார்த்தது 1974இல் அரசு எழுப்பிய நினைவுக் கோட்டை. பழையதை இடித்துத் தரைமட்டமாக்கி அங்கே ஆமணக்கு விதைத்ததாகச் சொல்வார்கள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் செல்போனில் துழாவி, ஜெர்மனியில் பவேரியா மலையில் நிற்கும் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைக் காட்டி, "இதுதான் டீச்சர் அந்த டப்பா" என்று சத்தியம் செய்தான். இருக்கலாம். 1869இல் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டைக்கு முதலில் படம் போட்டுக் கொடுத்தவர் கட்டடக்காரர் இல்லை, நாடகத்துக்கு சீன் வரைந்துகொண்டிருந்த கிறிஸ்டியன் யாங்க் என்பவர். இதைச் சொன்னபோது அண்ணாச்சி ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "அண்ணனுக்குத் தெரிஞ்சிருந்தா இன்னொரு டீ சேத்துக் குடிச்சிருப்பான்" என்றார்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஏலத்தில் கோட்டைக்கு 5,000 ரூபாய் என்று தொடங்கினோம். யாரும் கேட்கவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது, பத்தடித் துணியை மாட்ட யார் வீட்டில் சுவர் இருக்கிறது? மேடை அலங்காரம் செய்யும் ஒரு தம்பி 3,000 என்றார். நடுவில் வெட்டி இரண்டாக்கிக் கொள்ளலாமா என்றும் கேட்டார். நான் மைக்கைப் பிடித்தபடி பதில் வராமல் நின்றேன்.

அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அந்த அக்கா எழுந்து வந்தார்கள். விலை கேட்கவில்லை. "இதுக்கு முன்னால நான் கொஞ்சம் நின்னுக்கிடட்டுமா?" என்றுதான் கேட்டார்கள். அவர்களுடைய அம்மாவும் அப்பாவும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரே போட்டோ இந்த அன்னத்துக்குப் பக்கத்தில் எடுத்தது. தண்ணீர் வடிந்த பிறகு ஆல்பத்தைத் திறந்தால் கூழாக இருந்ததாம். அதற்குமேல் அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மகன் செல்போனை எடுத்தான்.

அந்த நேரம் பந்தல் மூலையிலிருந்து ஒரு குரல். "நாடியைத் தூக்குங்க. ம்ஹூம், அவ்வளவு வேண்டாம். தோளை இறக்கி விடுங்க." (வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், நாடி என்றால் முகவாய்.) அண்ணாச்சி எழுந்து வந்து ஸ்டூலை ஒரு சாண் இடது பக்கம் நகர்த்தினார். கூழாய்ப்போன அந்தப் போட்டோவில் அம்மா உட்கார்ந்திருந்த இடம் அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ, கறையைப் பார்த்துத்தான் நகர்த்தினார் என்று நினைக்கிறேன். பையனின் கையைப் பிடித்துப் போனை நேராக்கி, "ரெடி, கண்ணைச் சிமிட்டாதீங்க" என்றார்.

அதற்கப்புறம் வரிசை நின்றது உங்களுக்குத் தெரியும். படத்துக்கு 50 ரூபாய் என்று நாங்கள் எழுதி ஒட்டும் முன்பே ஆட்கள் நின்றுவிட்டார்கள். ராத்திரி ஒன்பதரை வரைக்கும், எழுபது தாண்டிய அந்த மனிதர் உட்காரவே இல்லை. குழந்தையைப் பிடித்தார், முந்தானையைச் சரிசெய்யச் சொன்னார், சண்டை போட்டுக்கொண்டு வந்த அண்ணன் தம்பியை ஒட்டி நிற்க வைத்தார். ஆயிரம் பேர் செல்போனில் எடுக்கலாம், நாடியை எவ்வளவு தூக்க வேண்டும் என்பது அவருக்குத்தான் தெரியும். கோட்டையின் முன்னால் மட்டும் வசூல் 9,270 ரூபாய். அந்த இருபது ரூபாய் ஒரு பாட்டி கொடுத்தது. மீதியை வேண்டாம் என்று நாங்கள் சொன்னதற்கு, தனக்கும் கணக்குத் தெரியும் என்று கோபித்துக்கொண்டார்கள். பாட்டி, உங்களுக்கு 30 ரூபாய் கடன் இருப்பதாகவே நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், சந்தோஷமா?

மற்றவர்களை ஒரே மூச்சில் சொல்கிறேன், கோபிக்கக் கூடாது. பந்தலும் மைக் செட்டும் பாதி வாடகைக்குத் தந்தவர்கள், மின்சாரம் போனபோது ஜெனரேட்டரைத் தள்ளிக்கொண்டு வந்த பக்கத்து மில்காரர்கள், மூட்டை மூட்டையாகக் கடலைமிட்டாய் அனுப்பியவர்கள், ஷிஃப்ட் முடிந்து நேரே வந்து தட்டு கழுவிய தீப்பெட்டி ஆபீஸ் அக்காமார்கள், சிங்கப்பூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் பணம் போட்ட 1998 செட் மாணவர்கள், சம்பளம் வாங்காமல் வாசித்துவிட்டு எங்கள் தவிலுக்கும் தோல் மாற்றித் தருவதாகச் சொல்லிப்போன தவில்காரர். பிள்ளைகளின் 43 படங்களில் 41 விற்றது. மீதி இரண்டையும் வாங்கியது யார் என்று தலைமையாசிரியர் சொல்ல விடமாட்டேன் என்கிறார், அதனால் நான் சொல்லவில்லை.

அண்ணாச்சி, இனி உங்களிடம் தனியாக ஒன்று. விற்றுக்கொள்ளச் சொல்லித்தான் கொடுத்தீர்கள். நாங்கள் விற்கவில்லை. ஏலத்திலிருந்து எடுத்துவிட்டோம். உங்களைக் கேட்காமல் செய்தது தப்புதான். மேடை அலங்காரத் தம்பியிடம் சொன்னதற்கு, அவரே "நல்லதாப் போச்சு" என்றார். இப்போது ஓவிய அறையின் நீளச் சுவரில் மாட்டியிருக்கிறோம். கூரை தாழ்வு, அதனால் கீழே ஒன்றரை அடி சுருண்டு கிடக்கிறது. தண்ணீர்க் குடமும் பெயிண்ட் கழுவும் டப்பாவும் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டன.

கொடியை ஒரே பக்கமாகத் திருப்பி டச் அப் செய்து தருவதாக ஒருவர் வந்தார். நான் இந்தப் பள்ளியில் இருக்கும்வரை அந்தக் கொடிகளிலும் அந்த எண்ணெய்க் கறைகளிலும் தூரிகை படாது. இதை எல்லோர் முன்னாலும் எழுதித் தருகிறேன். பழைய போட்டோ போனவர்கள் சனிக்கிழமைகளில் வந்து நின்று எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். செருப்பை மட்டும் வாசலில் விட்டுவிட்டு வாருங்கள்.

கடைசியாக, குட்டியானை ஓட்டி வந்த தம்பிக்கு: உங்கள் நைலான் கயிறு எங்களிடம்தான் இருக்கிறது. சுருட்டி ஆபீஸ் ரூம் பீரோ மேல் வைத்திருக்கிறோம். இந்தப் பக்கம் வரும்போது வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் டிராயிங் டீச்சர்