இரண்டாவது வரியைப் படிக்கச் சொன்னவர்களுக்கு

அன்புள்ள சேருக்கும், காத்தான்குடிக் காக்காவுக்கும், மருமகனுக்கும், மருமகளுக்கும், கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியாருக்கும்,

வணக்கம். போன கிழமை வாசிகசாலையில் கூத்துப் பதிவுகள் இருந்த வன்தட்டுக்கு நடந்தது ஊருக்குள் பல விதமாகப் பரவிவிட்டது. "கூத்தெல்லாம் அழிந்துவிட்டதாமே" என்று சந்தையில் ஒருவர் என்னிடமே துக்கம் விசாரித்தார். ஒன்றும் அழியவில்லை. அழியவிடாமல் தடுத்தவர்களுக்குத்தான் இந்த மடல். பெயர் போடவேண்டாம் என்று ஐந்து பேரும் சொல்லிவைத்ததுபோல் சொன்னதால் முறை சொல்லியே எழுதுகிறேன் (காக்கா என்றால் காத்தான்குடியில் அண்ணன்).

வெளியூரில் இருப்பவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. எங்கள் ஊர்க் கூத்துக் களரிகளில் முன்பு பதிந்த வடமோடி, தென்மோடி என்ற இரு வகைக் கூத்துகளின் ஒலிநாடாக்கள் 99 இருக்கின்றன. அவற்றில் 61 நாடாக்களைக் கணினியில் ஏற்றியிருந்தோம். ஒலியை இரண்டு தடத்திலும் விநாடிக்கு 96,000 தடவை அளந்து, ஒவ்வோர் அளவுக்கும் 24 பிட் என்று தரம் குறைக்காமல் ஏற்றினால் அறுபது நிமிட நாடா ஒன்றே இரண்டு ஜிகாபைட்டைத் தாண்டும். வாசிகசாலைக் கணினியில் இடம் போதவில்லை. புதிய வன்தட்டு ஒன்று வாங்கினோம். வந்தாறுமூலையில் படிக்கும் மருமகன் அதைத் தன் மடிக்கணினியில் மாட்டி, கோப்புமுறையை உருவாக்கும் எம்.கே.எஃப்.எஸ். கருவியால், லினக்ஸ் கணினிகள் கோப்புகளை அடுக்கிவைக்கும் ஈ.எக்ஸ்.டி.4 முறையில் ஃபார்மட் செய்து தந்தான்.

ஏற்றும்போதே ஒன்பது நாடாக்கள் போய்விட்டன. பூஞ்சணம் பிடித்து ஒட்டியிருந்தவை, கடைசித் தடவையாக ஓடிவிட்டு அறுந்தன. ஆக, அந்த ஒன்பதும் உலகத்தில் அந்த ஒரு வன்தட்டில் மட்டுமே இருந்தன. இரண்டாம் பிரதி ஏன் எடுக்கவில்லை என்று கேட்காதீர்கள். கேட்டவர்களுக்குப் பதில் சொல்லியே களைத்துவிட்டேன்.

அன்று இடியோடு மழை. வேலை நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போனது. மறுநாள் எதற்கும் ஒருமுறை பார்ப்போமே என்று கோப்புமுறையைச் சரிபார்க்கும் கருவியை ஓட்டினேன். ஆதரவில்லாத அம்சம், 'ஃபீச்சர் சி12' என்று சொல்லிவிட்டு அது நின்றுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எம்.கே.எஃப்.எஸ். கருவியிலேயே பிழை, அது வன்தட்டைக் கோணலாக உருவாக்கியிருக்கிறது என்று நானே தீர்ப்புச் சொல்லி, கண்டவர்களிடமெல்லாம் சொல்லியும் வைத்தேன். நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். "அழித்து மறுபடி ஃபார்மட் செய்தால் சரி, அரை மணித்தியால வேலை" என்றார்கள். வன்தட்டை மேசைமேல் வைத்தும்விட்டேன்.

அந்த நேரத்தில்தான் சேர் தொலைபேசியில் வந்தார். எனக்குக் கணிதம் படிப்பித்தவர். ஓய்வுபெற்றுக் கல்லடியில் இருக்கிறார். நான் அனுப்பிய அந்தப் பிழைச் செய்தியின் படத்தைப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதற்குக் கீழே இன்னொரு வரி இருக்க வேண்டுமே, அது எங்கே?" படம் எடுக்கும்போது நான் அதை வெட்டிவிட்டிருந்தேன். அந்த வரி இதுதான்: சரிபார்க்கும் கருவியின் புதிய பதிப்பை எடு. ஆச்சரியக்குறியோடு வேறு! மருந்தை முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறது, நான் நோயை மட்டும் படம் பிடித்து ஊரெல்லாம் காட்டியிருக்கிறேன். "வன்தட்டை எடுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாரும்" என்றார் சேர். பத்தாம் வகுப்பில் வகுப்பை விட்டு வெளியே போகச் சொன்ன அதே குரல். அன்றைக்கு வலித்தது, இன்றைக்கு இனித்தது.

முதலில் பிரதி, பிறகுதான் ஆராய்ச்சி என்பது அவர் கட்டளை. பிரதி எடுக்க வெறும் வன்தட்டுக்கு எங்கே போவது? காத்தான்குடிக் காக்கா கடை பூட்டும் நேரத்தில் தன்னுடையதைத் தூக்கிக்கொண்டு மண்முனைப் பாலம் தாண்டி வந்துவிட்டார். 2014இல் பாலம் வருவதற்கு முன்பென்றால் ஆளையும் வண்டியையும் அக்கரை சேர்க்கும் மிதவைப் பாதைக்குக் காத்திருந்தே இரவாகியிருக்கும். எங்கள் வன்தட்டை எழுத விடாமல் வாசிக்க மட்டும் திறந்து இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பிரதி எடுத்தார். காசு நீட்டினேன்; பிளேன்டீ போதும் என்றார். பிரதியும் மூலமும் ஒன்றுதானா என்று 61 கோப்புகளுக்கும், உள்ளே ஏதும் மாறினால் தானும் மாறிவிடும் சரிகூட்டு எண் எடுத்து ஒப்பிட்டவள் மருமகள். முன்பு நான் கூத்தின் பெயர், ஆடிய இடம், ஆடியவர்கள் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதியபோது கணினி ஏற்க மறுத்ததற்கும் காரணம் கண்டவள் அவள்தான். ஈ.எக்ஸ்.டி.4இல் ஒரு பெயருக்கு 255 பைட்டுத்தான் இடம். நமது 'கூ' ஒன்றே ஆறு பைட்டு தின்கிறது.

பிறகு மருமகன் இரண்டு பென்டிரைவ்களை எடுத்தான். ஒன்றைத் தன் மடிக்கணினியிலும் மற்றதை வாசிகசாலைக் கணினியிலும் ஃபார்மட் செய்தான். எங்கள் கணினியில் செய்தது இரண்டு இடத்திலும் தேறியது. அவனுடையது எங்கள் கணினியில் அதே சி12. இரண்டின் அம்சப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது அவனுடையதில் இரண்டு சொற்கள் கூடுதல். அதில் ஒன்று 'ஆர்பன் ஃபைல்', அநாதைக் கோப்பு.

ஒரு கோப்பை அழித்த பிறகும் ஏதோ ஒரு நிரல் அதைத் திறந்து வைத்திருக்கலாம். அப்போது அது எந்த அடைவிலும் பெயரில்லாமல், இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த நிலையில் மின்சாரம் போனால், அடுத்த முறை வன்தட்டைத் திறக்கும்போது அதைத் துப்புரவாக்க ஒரு பட்டியல் வேண்டும். முன்பு அது ஒற்றைச் சங்கிலியாக இருந்தது. ஒரே நேரத்தில் பலர் எழுதும் இடங்களில் அங்கே நெரிசல். லினக்ஸ் நிரலாளர் யான் காரா அதைத் தனிக் கோப்பாக மாற்றினார். லினக்ஸின் மைய நிரலான கருவகம் 5.15 பதிப்பில் அதை ஏற்றது. 2023 பெப்ரவரியில் வந்த 1.47.0 பதிப்பிலிருந்து எம்.கே.எஃப்.எஸ். கேட்காமலே அதைப் போடுகிறது; மருமகனின் மடிக்கணினியில் இருப்பது அப்படிப் புதியது. எங்கள் கணினியில் ஓடும் உபுண்டு 22.04 லினக்ஸின் கருவகமும் 5.15தான், ஆனால் சரிபார்க்கும் கருவி 1.46.5. ஒரே கணினியில் ஒரு கை வாங்கிக்கொள்கிறது, மற்றக் கை தள்ளிவிடுகிறது. தனக்குத் தெரியாததைத் திருத்தப்போய்க் கெடுக்காமல் ஒதுங்கி நின்ற அந்தக் கருவிமேல் எனக்கு இப்போது மரியாதைதான். எம்.கே.எஃப்.எஸ். மட்டும் ஃபார்மட் செய்யும்போது ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம் என்ற மனத்தாங்கல் இன்னும் இருக்கிறது.

மருமகன் தன் மடிக்கணினியில் வன்தட்டைச் சரிபார்த்து, அந்த ஓர் அம்சத்தை மட்டும் நீக்கினான். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்தது. எங்கள் கணினியில் மாட்டி ஓட்டினோம். ஐந்து கட்டங்களும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின; ஒரு முறைப்பாடும் இல்லை. பல ஆண்டுகளாக இந்தக் கருவிகளைப் பராமரிக்கும் தியடோர் சோவுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு. 'பிழையான கருவி' என்று ஊரில் நான் சொன்னதையும் இத்துடன் திரும்பப் பெறுகிறேன்.

இத்தனை நேரமும் அண்ணாவியார் மூலைக் கதிரையில் பேசாமல் இருந்தார். அறுந்துபோன நாடாக்களில் ஒன்றின் பதிவைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டோம். கண்ணை மூடி, முழங்காலில் தாளம் போட்டுக் கேட்டார். வரவுப்பாட்டு முடிந்ததும் கழற்றிவிட்டு, "மத்தளம் சுருதி இறங்கிக் கேட்கிறது. நாடா மெதுவாக ஓடியிருக்கிறது, அதையும் பாருங்கள்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். சரியாகத்தான் சொன்னார், ஓட்டும் கருவியில் நாடாவை இழுக்கும் றப்பர் பட்டி தளர்ந்திருந்தது.

மிச்சம் 38 நாடாக்கள். காக்கா, இன்னொரு வன்தட்டு வாங்கிவிட்டோம். உங்களுடையதை வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு கடைக்கே கொண்டுவந்து தருகிறேன்; எருமைத் தயிர்ச் சட்டி ஒன்றும் வரும், வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நன்றியுடன்,
வாசிகசாலைப் பொறுப்பாளர்,
படுவான்கரை, மட்டக்களப்பு