தரையில் நிற்கும் படகில் குடித்தனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த பாய்மரப் படகு வாழ்க்கை பற்றிய கட்டுரையைப் படித்தேன். கடல், காற்று, அந்தி வானம் எல்லாம் சரி. கடைசிப் பத்தியில், பழைய படகை வாங்கிப் பட்டறையில் ஏற்றிவிட்டு அதிலேயே தங்கிப் பழுது பார்த்தால் வாடகை மிச்சம் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறார்கள். அந்த வாடகையை மிச்சம் பிடிக்கப் போனவள் நான். அதனால்தான் இந்தக் கடிதம்.

என் வீட்டுக்காரர் கப்பலில் எஞ்சின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். 30 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றைப் பழையதாக வாங்கி, கொச்சிப் பக்கம் ஒரு பட்டறையில் ஏப்ரல் தொடக்கத்தில் கரையேற்றினார். "வைகையில விடப்போறீகளா, தெப்பக்குளத்துலயா?" என்று எங்கள் தெருவில் கேட்காதவர் இல்லை. ஆறு வாரத்தில் வேலை முடிந்துவிடும், அதுவரை படகிலேயே இருந்துகொள்ளலாம் என்றார். நானும் பாத்திரம் பண்டத்தோடு கிளம்பிவிட்டேன்.

தண்ணீரில் மிதக்கும்போது அது வீடுதான். இரும்புத் தாங்கிகளில் நிறுத்தியதும் பத்தடி உயரத்துப் பரண் ஆகிவிடுகிறது. படகின் கழிப்பறை கடல்நீரை இழுத்துக் கடலுக்கே தள்ளுகிற அமைப்பு. தரையில் இழுக்க நீர் ஏது? தள்ளினாலும் கீழே வேலை செய்கிறவர் தலையில்தான் விழும். கழுவு தொட்டியும் அப்படியே. ஒரு டம்ளரைக் கழுவினால், அப்போதுதான் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வைத்த பக்கத்தில் வழிந்து இறங்கும். எங்கள் ஃப்ரிட்ஜ் கடல்நீரால் குளிர்கிற வகை, ஆகவே அதுவும் வெறும் பெட்டி. ராத்திரி இரண்டு மணிக்கு டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு ஏணியில் இறங்கிப் பட்டறைக் கழிப்பறைக்குப் போக வேண்டும். மூன்றாம் நாளே ஒரு மூடி போட்ட வாளி வாங்கினேன். அதற்கு மேல் எழுதவில்லை.

மதுரைக்காரிக்கு வெயில் புதிதில்லை. ஆனால் நம் வெயில் காயவைக்கும், அங்கே வேகவைக்கும். நங்கூரம் போட்ட படகு காற்று வரும் திசைக்குத் தானே மூக்கைத் திருப்பிக்கொள்ளும், மேல்திறப்பு வழியாகக் காற்று உள்ளே வரும். தாங்கியில் நிற்பது எங்கே திரும்ப? தார்ப்பாய் கட்டினால் நிழல் கிடைக்கும், இருந்த கொஞ்சம் காற்றும் போகும். இதில் ஃபைபர் தூசி வேறு. தலையணை உறை முதல் ரசப்பொடி டப்பா வரை அது போகாத இடம் இல்லை.

ஒரு மதியம், ஃபைபரில் பூசுகிற எபாக்ஸி என்ற பசையைக் கப்பில் கலக்கி வைத்துவிட்டு ஃபோனை எடுக்கப் போனார். திரும்பி வருவதற்குள் கப் புகைகிறது. கலந்ததும் தானே சூடாகிற பொருள் அது. வெப்பம் 10 டிகிரி கூடினால், அது இறுகுவதற்கு முன் கையில் இருக்கும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆழமான கப்பில் இருந்தால் சூடு வெளியேற வழியில்லை, அகலத் தட்டில் ஊற்றிக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். அப்புறம்தான் காலைப் பொழுதில் மட்டும் கலக்குவது என்று வைத்துக்கொண்டார். ஆனால் அந்தக் காலைப் பொழுதைத்தான் எங்கள் குடித்தனம் தின்றது. படுக்கையைச் சுருட்டி, அதன் அடியில் இருக்கும் பலகையைக் கழற்றி, முன்னறைச் சாமானைப் பின்னறைக்கு மாற்றி, கருவிகளைத் தேடி எடுப்பதற்குள் மணி பத்து. சாயங்காலம் அத்தனையும் திரும்ப. பத்து மணி நேரம் உழைத்தால் அதில் மூன்று மணி நேரம் இடம் மாற்றுவதிலேயே போனது.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க மதுரைக்கு வந்தேன். வீட்டுத் தரையில் காலை நீட்டிப் படுத்த அன்றைக்கே, ரூம் பார்க்காமல் நான் வரமாட்டேன் என்று ஃபோனில் சொல்லிவிட்டேன். பட்டறைக்கு நடக்கும் தூரத்தில் ஒரு வீட்டின் பின்கட்டு கிடைத்தது, மாதம் 6,000 ரூபாய். மூன்று வாரமாக நகராத வேலை முதல் வாரத்திலேயே நகர்ந்தது. முன்பே எடுத்திருந்தால் மழைக்கு முன் பாதி வேலையாவது முடிந்திருக்கும்.

மாதம் பார்க்காமல் ஏற்றியது இன்னொரு தப்பு. கரையேற்றியபோது படகின் அடிப்பாகம் முழுக்க அம்மை போட்டதுபோல் கொப்புளங்கள். உடைத்தால் வினிகர் வாடையோடு நீர் வந்தது. பல வருஷம் தண்ணீரில் கிடந்த ஃபைபர் இப்படி நீர் கோத்துக்கொள்ளுமாம். மேல்பூச்சைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாக உலர்ந்த பிறகே எபாக்ஸி பூச வேண்டும். ஈரக் காற்றில் அது எப்போது உலர்வது? ஜூனில் கேரளத்து மழை இறங்கிவிட்டது. அதோடு ஜூன் 10 முதல் ஜூலை 31 வரை அங்கே விசைப்படகுகளுக்கு 52 நாள் மீன்பிடித் தடை. மீன்பிடிப் படகுகளெல்லாம் பழுது பார்க்க வந்து நின்றன. வெல்டரும் மெக்கானிக்கும் அங்கேதான். எங்களைப் போன்ற பொழுதுபோக்குப் படகுக்காரர்களுக்கு அவர்கள் முகம் காட்டவே இல்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது, அவர்களுக்கு அது வயிற்றுப்பாடு. ஓணம் கழிந்துதான் படகைத் தண்ணீரில் இறக்கினோம்.

நம் ராமேஸ்வரம், மண்டபம் பக்கம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. அப்போது மீனவர்களும் படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கிறார்கள். ராத்திரி வீட்டுக்குப் போய்த்தான் படுக்கிறார்கள். கட்டுரையாளர் அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தால் அந்த வாடகை வரியை எழுதியிருக்க மாட்டார். அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது. கொச்சியிலானால் ஜனவரியில் ஏற்றுங்கள், பக்கத்தில் ரூம் எடுங்கள் என்று இரண்டே வரி போதும்.

கடிதத்தைப் பிரசுரித்தால் என் பெயரை மட்டும் விட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் தங்கள் இதழை முதலில் பிரிப்பவர் அவர்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருநகர், மதுரை