‘ஏற்றத்தாழ்வு இல்லை’ என்று எழுதும் முன்: பொருளியல் பாடநூல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். மேல்நிலை வகுப்புகளுக்குப் பொருளியல் நடத்துகிறவன் நான். பொருளாதார அமைப்புகள் பற்றிய பாடம் வந்தால் பிள்ளைகள் மனதில் நிற்பது இரண்டே வரிதான்: சமதர்மத்தில் வருமான ஏற்றத்தாழ்வு இல்லை, முதலாளித்துவத்தில் உண்டு. இரண்டு மதிப்பெண் வாங்க இது போதும். சோவியத் ஒன்றியத்திலும் பிறகு ரஷ்யாவிலும் நடந்ததை விளங்கிக்கொள்ள இது உதவாது. அடுத்த முறை பாடத்தைத் திருத்தும்போது இந்தப் பகுதியை விரித்து எழுதுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

எல்லோருக்கும் ஒரே சம்பளம் என்பதையே எடுத்துக்கொள்வோம். 1931-இல் ஆலை நிர்வாகிகள் முன் பேசிய ஸ்டாலின், சம்பளத்தைச் சமமாக்கும் போக்கைக் கடுமையாகச் சாடினார். திறமைக்கும் கடின வேலைக்கும் கூடுதல் கூலி என்பதுதான் அதற்குப் பின் அரசின் கொள்கை. 1985-இல் சோவியத்தில் சராசரி மாதச் சம்பளம் சுமார் 190 ரூபிள்; மருத்துவத் துறையில் அது 133-ஐ ஒட்டித்தான் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி டாக்டரைவிட அதிகம் வாங்கினார். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு பையன், “அப்போ எதுக்கு சார் டாக்டருக்குப் படிக்கணும்?” என்று கேட்டான். நியாயமான கேள்வி. பாடத்தில் அதற்குப் பதில் இல்லை.

ஆனாலும் மொத்தமாகப் பார்த்தால் சம்பள இடைவெளி குறுகியதுதான். வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் எண் கினி கெழு; 0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாம் ஒருவருக்கே. 1991-இல் ரஷ்யாவின் கினி கெழு 0.26 என்கிறது அரசுப் புள்ளிவிவரம். இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண் காட்டாத ஒன்று உண்டு. கையில் ரூபிள் இருந்தால் மட்டும் அங்கே பொருள் கிடைத்துவிடாது. பெரியோஸ்கா என்ற அரசுக் கடைகளில் வெளிநாட்டுச் சரக்கு அடுக்கியிருக்கும். அந்நியச் செலாவணியோ அதற்கு ஈடான சிறப்புக் காசோலையோ இல்லாதவர் உள்ளே போய் ஒன்றும் வாங்க முடியாது. கட்சியின் மேல்மட்டத்துக்குத் தனிக் கடை, தனி உணவகம், நகருக்கு வெளியே அரசு செலவில் தோட்ட வீடு. சுகாதார அமைச்சகத்தில் நான்காம் இயக்ககம் என்றே ஒன்று இருந்தது, அவர்களுக்கான மருத்துவமனைகளை நடத்த. இதெல்லாம் எந்தச் சம்பளப் பட்டியலிலும் வராது. மற்றவர்கள்? மாகாணத்து ஊர்களிலிருந்து மின்ரயில் ஏறி மாஸ்கோவுக்கு வந்து, வரிசையில் நின்று இறைச்சி வாங்கிப் போனார்கள். ‘நீளமா இருக்கும், பச்சையா இருக்கும், சாசேஜ் வாசம் அடிக்கும், அது என்ன?’ என்று ஒரு விடுகதையே அங்கு உண்டு. விடை, அந்த மின்ரயில்.

விவசாயிகளின் கதை இன்னும் மோசம். கூட்டுப்பண்ணை உழவர்களுக்கு முறையான அரசு ஓய்வூதியம் சட்டமானது 1964-இல்தான். நாட்டுக்குள்ளேயே ஊர் மாறிக் குடியேறத் தேவைப்பட்ட அடையாளச் சீட்டு உள்நாட்டுக் கடவுச்சீட்டு. மற்ற குடிமக்களைப் போல அவர்களுக்கும் அதைக் கொடுக்க முடிவெடுத்தது 1974-இல். அதாவது, உழவர் ஆட்சி என்று பெயர் வைத்துக்கொண்ட நாட்டில் உழவருக்கு நினைத்தபடி நகரத்துக்குப் போய்க் குடியேறும் உரிமை புரட்சிக்குப் பின் அரை நூற்றாண்டு கடந்தும் இல்லை. பாடநூலில் ஒரு பத்தி ஒதுக்க இது ஒன்றே தகுதியானது.

சரி, சந்தை வந்த பிறகு என்ன ஆனது? 1992 ஜனவரி 2 அன்று பெரும்பாலான விலைகள் மீதிருந்த கட்டுப்பாடு நீங்கியது. அந்த ஓராண்டில் மட்டும் விலைகள் 25 மடங்குக்கு மேல் ஏறின. சேமிப்பு வங்கியில் ஆயுள் முழுக்கப் போட்டு வைத்த பணம் காற்றோடு போனது. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து ஆளுக்கு 10,000 ரூபிள் முகமதிப்புள்ள ஒரு தனியார்மய வவுச்சர், அதாவது அரசு நிறுவனப் பங்காக மாற்றிக்கொள்ளும் சீட்டு, கொடுத்தார்கள். அதன் மதிப்பு இரண்டு வோல்கா கார்களுக்குச் சமமாகும் என்றார் தனியார்மயத்துக்குப் பொறுப்பிலிருந்த அனதோலி சுபைஸ். பலர் அதைச் சில பாட்டில் வோட்காவுக்கு விற்றார்கள். 1995-இல் கடனுக்குப் பங்கு என்ற திட்டம் வந்தது. வங்கிகள் அரசுக்குக் கடன் கொடுத்தன, அரசு எண்ணெய், நிக்கல் நிறுவனங்களின் பங்குகளை அடகு வைத்தது, கடனைத் திருப்பவில்லை. ஏலத்தை நடத்தியதும் வங்கிகளே, எடுத்ததும் அவற்றோடு தொடர்புள்ளவர்களே. யூகோஸ் எண்ணெய் நிறுவனத்தின் 78 சதவீதம் சுமார் 31 கோடி டாலருக்குப் போனது. 2003-இல் அந்த நிறுவனத்தின் சந்தை மதிப்பு 2,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது.

அதே காலத்தில் பல ஆலைகளில் மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை. கூஸ் ஹ்ருஸ்தால்னி என்ற கண்ணாடித் தொழில் ஊரில் கூலிக்குப் பதில் கண்ணாடிக் கிண்ணங்களைக் கொடுத்தார்கள். அவற்றைத் தொழிலாளர்களே தூக்கிக்கொண்டு போய் வழிப்போக்கர்களிடம் விற்றார்கள். 1994-இல் கினி கெழு 0.41. ஆண்களின் சராசரி ஆயுள் 1987-இல் 65-ஐ ஒட்டி இருந்தது, 1994-இல் 58-க்கும் கீழே இறங்கியது.

இதைப் படித்துவிட்டு ‘பார்த்தீர்களா, முதலாளித்துவம்!’ என்று முடித்துவிடாதீர்கள். செக் நாடும் வவுச்சர் கொடுத்தது. அங்கும் முறைகேடு நடந்தது. ஆனால் ஓய்வூதியத்தையும் வரி வசூலையும் அரசு கைவிடவில்லை. ஏற்றத்தாழ்வு கொஞ்சம் கூடி, கினி 0.25-ஐ ஒட்டியே நின்றது. இன்னொரு பக்கம், கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி ஒரு நாளும் மாறாத சீனாவில் 2008-இல் அரசே சொன்ன எண் 0.491. ஆட்சியின் பெயர்ப்பலகையை வைத்து இந்த மூன்றையும் எப்படி விளக்குவீர்கள்?

ஆகவே என் கோரிக்கை சிறியதுதான். நிறை, குறை என்று பட்டியலிடும் அந்தப் பக்கத்தில் ரஷ்யா, செக், சீனா மூன்றின் கினி எண்களையும் ஆண்டுவாரியாக ஒரு அட்டவணையாகப் போடுங்கள். பக்கத்திலேயே பெரியோஸ்கா கடையையும் கூட்டுப்பண்ணைக் கடவுச்சீட்டையும் 1995 ஏலத்தையும் பற்றி ஆளுக்கொரு பத்தி. அப்புறம் வினாத்தாளில் ‘சமதர்மத்தின் நிறைகளைப் பட்டியலிடுக’ என்பதற்குப் பதிலாக, ‘செக் நாட்டை விட ரஷ்யாவில் ஏற்றத்தாழ்வு ஏன் அதிகம் கூடியது?’ என்று ஐந்து மதிப்பெண்ணுக்குக் கேளுங்கள். விடைக்குறிப்பு தயாரிப்பது சிரமம்தான், தெரியும். திருத்தும் வேலை எங்களுக்கும் கூடும். பரவாயில்லை.

இப்படிக்கு,
ஒரு பொருளியல் ஆசிரியர்