செயலாளர் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். இந்த வருஷமும் அறிக்கையை மேடையில் வாசிக்கப் போவதில்லை, அச்சடித்தே கொடுத்துவிட்டேன். காது கேளாமல் உதட்டசைவைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்கிறவர்களின் சங்கம் நம்முடையது, என் மீசைக்குள்ளிருந்து வருவதை நீங்கள் ஊகித்துப் புரிந்துகொள்வதற்குள் வடை ஆறிவிடும்.

செயற்குழு ஆறு தடவை கூடியது, அதில் இரண்டு தடவை கோரத்துக்கு வேண்டிய குறைந்தபட்ச ஆள்கூட வரவில்லை. செப்டம்பரில் காது கேளாதோர் வாரம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாள், மார்ச் 3 உலகச் செவித்திறன் நாள் மூன்றும் நடந்தன. காது மெஷின் பேட்டரி ஒரு தடவை இலவசமாகக் கொடுத்தோம். அன்றைக்கு மட்டும் நாற்காலி போதவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

இனி கோர்ட் விஷயம். வருஷத்தில் பாதியையும் கையிருப்பில் ஒரு பங்கையும் இதற்கே விட்டுவிட்டேன் என்று பொருளாளர் சாருக்கு வருத்தம், வேறு சிலருக்கும் வருத்தம் என்று கேள்விப்பட்டேன் (நம் விஷயத்தில் கேள்விப்பட்டேன் என்றால் வாட்ஸ்அப்பில் படித்தேன் என்று அர்த்தம்). அதனால் நடந்ததை முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

நம் உறுப்பினர் ஒரு அம்மா, அறுபதைத் தாண்டியவர், நாற்பது வயதுக்கு மேல் காது போனவர். பாகப்பிரிவினை வழக்கு. குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் "வீடு உங்க அப்பா பேர்லதானே இருந்துச்சு?" என்று கேட்க, இவர் "ஆமா" என்று சொல்லிவிட்டார். அவர் கண்ணுக்குத் தெரிந்தது "அம்மா பேர்ல". கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் அப்பா, அம்மா என்று சொல்லிப் பாருங்கள், உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். ப-வுக்கும் ம-வுக்கும் வித்தியாசம் மூக்கில் இருக்கிறது, உதட்டில் இல்லை. க எல்லாம் தொண்டைப் பக்கம், வெளியே தெரியவே தெரியாது. மீதியைப் பேச்சின் போக்கை வைத்து நாமே நிரப்பிக்கொள்கிறோம், டீக்கடையில் அது போதும், கோர்ட்டில் அந்த ஊகமே சாட்சியமாக டைப் ஆகிவிடுகிறது. வக்கீலாவது நம் முகத்தைப் பார்த்துக் கேட்கிறாரா என்றால் அதுவும் இல்லை, நீதிபதி பக்கம் திரும்பிக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டியபடி கேட்கிறார். வெளியே பெயரை மூன்று தடவை கூப்பிடுவது நம் காதில் விழாமல், ஆள் ஆஜராகவில்லை என்று எழுதிவிடும் ஆபத்து வேறு. "புரியலைங்க" என்று ஒரு தடவை சொல்லலாம், இரண்டு தடவை சொல்லலாம், மூன்றாவது தடவை நாமெல்லாம் தலையாட்டிவிடுகிறோம். நானும் முப்பது வருஷமாக ஆட்டிக்கொண்டிருப்பவன்தான்.

அந்த அம்மாவை மறுபடி விசாரிக்கவும், தொடர்புக்கு உதவி கொடுக்கவும் கேட்டு மனு போட்டோம். வந்தது சைகை மொழிபெயர்ப்பாளர்! நல்ல பெண், பாவம், இரண்டு பஸ் மாறி வந்தார். அம்மாவுக்கோ ஒரு சைகை தெரியாது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டதோடு வாய்தா. யாரையும் குற்றம் சொல்லவில்லை. 2023 செப்டம்பரில் காது கேளாத வழக்கறிஞர் சாரா சன்னி சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு உச்ச நீதிமன்றத்தில் வாதாடியபோது நாமும்தான் பெருமைப்பட்டோம். ஆனால் உதட்டைப் பார்த்துப் பிழைக்கிற நம் கூட்டம் அந்தப் படத்தில் இல்லை.

சட்டத்தில் இடமிருக்கிறது. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, அவரவருக்கு வேண்டிய மொழியிலும் தொடர்பு முறையிலும் சாட்சியம் பதிவு செய்ய வசதி செய்து தரச் சொல்கிறது. இலவச சட்ட உதவிக்கும், 1987 சட்டப்படி, மாற்றுத்திறனாளிக்கு வருமான வரம்பு கிடையாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டமோ, பேச முடியாத சாட்சி எழுதியோ சைகையாலோ சொல்லலாம் என்கிறது, பழைய சட்டத்தில் இருந்த அதே விஷயம்தான். வாயை நினைத்து எழுதிய பிரிவு அது. நமக்கு வாய் நன்றாகவே இருக்கிறது, சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே.

இங்கிலாந்தில் பேசுவதைச் சத்தமில்லாமல் தெளிவாக வாயசைத்துத் திருப்பிச் சொல்லவும், அப்படியே திரையில் டைப் செய்யவும் பயிற்சி பெற்றவர்கள் தொழிலாகவே இருக்கிறார்கள். நமக்கு அது எங்கே கிடைக்கும். போன் ஆப் ஒன்றை வீட்டில் சோதித்தோம், "வில்லங்கச் சான்று" என்றதற்கு "விளங்காத சாறு" என்று எழுதியது. கடைசியில் தமிழ் தட்டச்சு ஹையர் முடித்த ஒரு பெண்ணைப் பிடித்து, மூன்று மாதம் என் வீட்டுத் திண்ணையில் பழைய லேப்டாப்பில் பழக்கினேன். கூட உட்கார்ந்தால் பதிலைச் சொல்லிக்கொடுத்துவிடுவார் என்று எதிர்த்தரப்பு ஆட்சேபித்தது, நியாயமான ஆட்சேபம்தான். சரி, திரையை நீதிபதியும் அந்த வக்கீலும் பார்க்கிற மாதிரி வைக்கிறோம், மொழிபெயர்ப்பாளர் போலவே உறுதிமொழியும் எடுக்கட்டும் என்றோம். அனுமதி கிடைத்தது. முக்கால் மணி நேரம். அம்மா ஒவ்வொரு கேள்வியையும் படித்து, தன் குரலிலேயே பதில் சொன்னார். நடுவில் ஒரு தடவை "இந்தக் கேள்வியே தப்புங்க" என்றார், நீதிபதி சிரித்துவிட்டார். தீர்ப்பு இன்னும் வரவில்லை, ஆனால் அப்பா பேர் அம்மா பேர் குழப்பம் பதிவில் திருத்தப்பட்டுவிட்டது.

இதற்கு ஆன செலவு லேப்டாப் பேட்டரி, பஸ் கட்டணம், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த சிறு தொகை, அப்புறம் சாப்பாடு. பில் இருக்கிறது, பெரும்பாலும். வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளர் சாரிடம் கேட்கலாம். 71 உறுப்பினர்களில் ஆண்டுச் சந்தா 300 ரூபாய் கட்டியவர்கள் 28 பேர். எங்கே போகிறது சங்கப் பணம் என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டவர்கள் இந்த 28-இல் எத்தனை பேர் என்று நான் எண்ணிப் பார்த்துவிட்டேன், எழுதவில்லை.

மண்டபம் தந்தவருக்கும், கட்டணம் வாங்காத வக்கீல் அவர்களுக்கும், தலைவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த வருஷம் ஜீவனாம்ச வழக்கு ஒன்றும் விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றும் காத்திருக்கின்றன. இருப்பது ஒரே டைப்பிஸ்ட், அவருக்கும் ஆவணியில் கல்யாணம். உங்கள் வீட்டில் தமிழ் டைப் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் திண்ணை காலியாகத்தான் இருக்கிறது. வேறு யாராவது செயலாளராக வர விரும்பினால் சந்தோஷமாக விட்டுக்கொடுப்பேன், ஐந்து வருஷமாக இதையேதான் எழுதுகிறேன், ஒருவரும் கை தூக்கவில்லை.

பேட்டரி இந்தத் தடவை கூட்டம் முடிந்த பிறகுதான் கொடுக்கப்படும். சந்தா ரசீதைக் கையோடு கொண்டு வரவும்.