கறிவேப்பிலைக்குக் காவல்

தென்காசி,
ஆடி 14

அன்புள்ள ராசாவுக்கு,

அம்மா எழுதுறேன். இங்க சாரல் விட்டுவிட்டு அடிக்குது. உங்க அப்பாவுக்கு ஒரு வாரமா என் மேல கோபம். கொல்லையில ஆளுயரத்துக்குக் கறிவேப்பிலை நிக்கும்போது, ரசம் தாளிக்கக் கடைக்குப் போய்க் கொத்து வாங்கணுமாங்கிறார். என்ன செய்ய, மரத்துல புழு இருக்கு. ஒரு இலையைக் கிள்ள விடமாட்டேன்.

எல்லாம் நீ பீரோவுல போட்டுட்டுப் போன சின்னக் கேமராவால வந்த வினை. முதல்ல எது எடுத்தாலும் கலங்கித்தான் விழுந்துச்சு. தூரத்துல நின்னு ஜூமை இழுத்து இழுத்துப் பார்ப்பேன், திரையில கட்டம் சிவப்பா மினுங்கும். அப்புறம்தான் பிடிபட்டது. பூப்படம் போட்ட பட்டனை அழுத்திட்டு, ஜூமைச் சுத்தமா உள்ள தள்ளிட்டு, நாலு விரல் தூரத்துக்கு நாமதான் கிட்டப் போகணும். அப்பவும் சில நேரம் பின்னால இருக்கிற சுவரைப் பிடிச்சுக்கும். அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன். புழுவுக்குப் பக்கத்துல அதே தூரத்துல என் உள்ளங்கையைக் காட்டி, பட்டனைப் பாதி அழுத்தி, கட்டம் பச்சையானதும் விரலை எடுக்காம கேமராவைப் புழு பக்கம் திருப்பி மீதியை அழுத்துறது. ஃபிளாஷ் கூடவே கூடாது, இலையெல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி ஆயிடுது. இலைக்கு அடியில இருட்டா இருந்தா அப்பாவோட வெள்ளைத் துண்டைக் கீழ விரிச்சுப் பிடிக்கிறேன். வெளிச்சம் மேல ஏறி வருது. (துண்டுக்கும் சேர்த்துத்தான் கோபம்.)

அந்தப் புழுவைச் சொல்லணும். சின்னதுல பார்த்தா காக்கா எச்சம்னே நினைப்ப, பழுப்பும் வெள்ளையுமா. தோலை உரிச்சு உரிச்சுக் கடைசியில இலைப் பச்சை ஆயிடுது. லேசா தொட்டேன். தலைக்குப் பின்னால இருந்து ரத்தச் சிவப்பா ஒரு கொம்பு, பாம்பு நாக்கு மாதிரி ரெண்டாப் பிளந்து வந்துச்சு. அழுகின நாரத்தங்காய் வாடை. இத்தனை வருஷம் அந்த மரத்துல உருவித்தான் உங்களுக்கெல்லாம் தாளிச்சுப் போட்டேன், ஒரு நாளும் இதைப் பார்த்ததில்லை. இது கறிவேப்பிலை அழகிங்கிற பட்டாம்பூச்சியோட புழுவாம். ஆண் கறுப்புல வெள்ளைப் பட்டை. பெண்ணுல பலது சிவப்புப் புள்ளி வச்சுக்கிட்டு, குருவி தொடாத விஷப் பட்டாம்பூச்சி மாதிரி வேஷம் போட்டுத் திரியுது.

போன ஞாயிறு அப்பாவோட ஐந்தருவிப் பக்கம் சூழல் பூங்காவுக்குப் போனேன். மரத்தடியில வெளிச்சம் கம்மி, என் கை வேற நடுங்கும். கேமராவைக் கல்லு மேல வச்சு, ரெண்டு வினாடி கழிச்சுத் தானா எடுக்கிற மாதிரி போட்டு, ஒரு காளானை நல்லா எடுத்தேன். திரும்பும்போது ஈர மண்ணுல ஆரஞ்சு நிறத்துல நாலஞ்சு உக்கார்ந்து தண்ணி உறிஞ்சுது. தமிழ் மறவன்! 2019-ல மாநிலப் பட்டாம்பூச்சின்னு அறிவிச்சாங்களே, அதே வருஷம்தான் நம்ம தென்காசியும் தனி மாவட்டம் ஆச்சு. நிழல் மேல விழாம மண்டி போட்டு, முட்டு வலியோட முழங்கால் முழங்காலா நகர்ந்து கிட்டப் போயிட்டேன். பட்டனைத் தொட்டேன், கேமரா மூக்கை உள்ள இழுத்துக்கிட்டு அணைஞ்சு போச்சு. பேட்டரி. முந்தின ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டது. அப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே.

புழுவுல ஒண்ணு இப்போ கூடாயிடுச்சு. இடுப்புல ஒரு நூலைக் கட்டி, கரண்டு கம்பத்துல லைன்மேன் சாஞ்சு நிக்கிற மாதிரி குச்சியில சாஞ்சு நிக்குது. பதினோரு நாளாச்சு. இன்னைக்குச் சாயங்காலம் பார்த்தா, கூடு கறுத்து உள்ள இறக்கை மடிப்பு தெரியுது. காலையில வந்துரும்னு நினைக்கிறேன். பேட்டரியைச் சார்ஜுல போட்டுட்டுத்தான் இதை எழுதுறேன். பால் வாங்குறது நாளைக்கு அப்பா வேலை.

தீபாவளிக்கு வரும்போது எனக்குச் சேலை வேண்டாம். இந்த கேமராவுக்கு ரெண்டு பேட்டரி வாங்கிட்டு வா. நம்பரைத் தாள் பின்னால எழுதியிருக்கேன். விமானத்துல வந்தா அதைப் பெரிய பெட்டியில போடக்கூடாதாம், கைப்பையிலதான் வைக்கணுமாம். புதுச் செருப்பு வாங்கினா அட்டைப் பெட்டியில கிடக்கிற அந்த ஈரம் உறிஞ்சுற பொட்டலத்தையும் தூரப் போடாத. சாரல்ல லென்ஸுல பனி படியுது, சம்படத்துல கேமராவோட போட்டு வைக்கணும்.

அம்மா