கம்பியை இப்போதைக்கு அறுக்காதே

டார்ம்ஸ்டாட்,
ஞாயிறு காலை

மாப்பிள்ளை சுந்தரம்,

நலம். தங்கச்சி முழங்கால் எப்படி இருக்கிறது? போய் இறங்கிய மறுநாளே கடிதம் போடுகிறேன் என்று ஜங்ஷனில் வைத்துச் சொன்னவன், ஏழு வாரம் கழித்து எழுத உட்கார்ந்திருக்கிறேன். திட்டுவதையெல்லாம் திட்டி முடித்துவிட்டு மேலே படி. அதான் வாட்ஸப் இருக்கிறதே என்பாய். அதில் காலை வணக்கம் ரோஜாப்பூவைத் தவிர நீ என்ன அனுப்புகிறாய்?

முந்தாநாள் டியூப்லைட் போன் பண்ணினான். அடுத்த மாடிக்கென்று நீட்டி விட்ட உன் மொட்டைமாடிக் கம்பிகளை அறுக்க வெல்டிங் பட்டறையில் ஆள் சொல்லியிருக்கிறாயாமே. கேட்டதிலிருந்து எனக்கு ஒரு மாதிரி இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன்னால், போன வியாழக்கிழமை கொலோன் போய்வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு, பொறு.

ஆமாம், அதே கொலோன்தான். காய்ச்சல் என்றால் உன் அப்பா கைக்குட்டையில் நனைத்து நெற்றியில் போடுவாரே ஓடிகொலோன், அந்தத் தண்ணீருக்குப் பேர் கொடுத்த ஊர். 1709இல் ஃபரினா என்கிற இத்தாலியக் குடும்பம் அங்கே கடை போட்டது; இன்னும் விற்கிறார்கள்.

பெரியவளுக்கு ஆபீஸ். மருமகனுக்கு லீவு. காலையில் போய் ராத்திரி திரும்பிவிடலாம் என்று அவரே டிக்கெட் எடுத்துவிட்டார். மாமனாரும் மருமகனும் ஒரு நாள் முழுக்கத் தனியாக என்ன பேசுவது? முதல் நாள் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஃபிராங்ஃபர்ட்டில் நடந்ததைக் கேட்டால் சிரிப்பாய். நடைமேடையில் ஏ, பி, சி என்று எழுத்துப் பலகை தொங்கும். நம் பெட்டி எந்த எழுத்துக்கு நேரே நிற்கும் என்று போட்டிருப்பார்கள். பத்து நிமிஷம் முன்னாலேயே போய் சரியான எழுத்துக்குக் கீழே பெருமையாக நின்றோம். வண்டி வரும் நேரத்தில் ஓர் அறிவிப்பு. கூட்டம் மொத்தமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடுகிறது. இன்றைக்குப் பெட்டிகள் தலைகீழ் வரிசையாம்! வைகையைப் பிடிக்க நீயும் நானும் ஓடிய ஓட்டம்தான். ஜெர்மன்காரர்கள் வரிசை தவற மாட்டார்கள் என்று யாராவது இனிமேல் சொல்லட்டும், பேசிக்கொள்கிறேன்.

அந்தப் பாதை 2002இல் திறந்தது. 300 கிலோமீட்டர் வேகம். பக்கத்திலேயே நெடுஞ்சாலை வருகிறது. அதில் பறக்கிற கார்கள் எல்லாம் நிறுத்தி வைத்த கார்கள் மாதிரி தெரிகின்றன. சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் காது அடைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்துவிட்டது. நாங்கள் ஏறிய வண்டி ரைன் நதிக்கு இக்கரையில் டாய்ட்ஸ் நிலையத்தோடு சரி. பாலத்தை நடந்தே கடக்கலாம் என்றார் மருமகன். நல்லதாய்ப் போயிற்று.

ஏனென்றால் அந்தப் பாலத்தில் நடந்தால்தான் கதீட்ரல், அந்த ஊர்ப் பெரிய சர்ச், உன்னை நோக்கி வரும். வலது பக்கமோ இடது பக்கமோ பார்க்க விடாது. பாலத்துக் கம்பி வலை முழுக்க ஜோடிகள் பேர் பொறித்துப் பூட்டிய பூட்டுகள். சாவியை ஆற்றில் போட்டுவிடுவார்களாம். அதைக்கூட அப்புறம்தான் கவனித்தேன். இரண்டு கோபுரம், 157 மீட்டர். நம் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல மூன்றை ஒன்றன்மேல் ஒன்று வைத்துக்கொள். கல் முழுக்கக் கறுப்பு, தலைமுறை தலைமுறையாய் விறகடுப்பு எரிந்த சமையற்கட்டுச் சுவர் மாதிரி. யுத்தத்தில் சுற்றிலும் ஊரே தரைமட்டமானபோது பதினாலு குண்டு வாங்கியும் இது நின்றிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இதைக் கட்ட ஆரம்பித்தது 1248இல். தெற்குக் கோபுரம் ஐம்பது மீட்டரைத் தாண்டிக் கொஞ்சம் எழும்பியதும் பணமும் போயிற்று, ஆர்வமும் போயிற்று. 1560இல் வேலையை நிறுத்திவிட்டார்கள். கல் தூக்குகிற மர ராட்டினத்தை மட்டும் யாரும் இறக்கவில்லை. அரைக்கோபுரத்தின் தலையில் அது கொக்கு மாதிரி கழுத்தை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றது. பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று எல்லோரும் அதைப் பார்த்தே வளர்ந்தார்கள். பழைய ஓவியங்களில் ஊர் என்றால் அந்தக் கொக்குதான். 1868இல்தான் இறக்கினார்கள்.

இது எங்கேயோ கேட்ட கதையாக இல்லை? நாம் பம்பரம் விட்ட வடக்கு ஆடி வீதியை நினைத்துப்பார். கிருஷ்ணப்ப நாயக்கர் 1564 வாக்கில் ஆரம்பித்த வடக்குக் கோபுரமும் முடியாமல் கல்லோடு நின்றது. வயிநாகரம் செட்டியார் குடும்பம் 1878இல் முடித்தது. இங்கே கொலோனில் எப்போது முடித்தார்கள் தெரியுமா? 1880! இரண்டு ஊரும் ஒரே காலத்தில் மொட்டையாக நின்று, ஒரே காலத்தில் முடி வளர்த்திருக்கின்றன. உச்சிவரை கட்டி முடித்திருந்தும் ஏன் சார் மொட்டைக் கோபுரம் என்று கேட்டு நீ பெஞ்சு மேல் ஏறினாயே, கணக்கு வாத்தியாரை இப்போது கூட்டி வா, நான் பதில் சொல்கிறேன்.

இன்னும் கேள். கோபுரத்தை எப்படி முடிப்பது என்று பழைய வரைபடம் ஒன்று இருந்திருக்கிறது. தோலில் வரைந்தது, நாலு மீட்டருக்கு மேல் நீளம். காணாமல் போய்விட்டது. 1814இல் அதில் பாதி கிடைத்த இடம் எது? இந்த டார்ம்ஸ்டாட்! நான் தினமும் பால் வாங்கப் போகிற ஊர். ஒரு சத்திரத்துப் பரணில் கிடந்ததாம். அவரைக்காய் காயப்போட அதைப் பயன்படுத்தினார்கள் என்று ஒரு கதை சொல்கிறார்கள். மீதிப் பாதி இரண்டு வருஷம் கழித்து பாரிஸில் கிடைத்தது. 1842இல் பிரஷ்ய ராஜா மறுபடி கல் நாட்டினார். ராஜா பணம் மட்டும் போதாமல் ஊர்க்காரர்கள் சங்கம் வைத்து வசூலித்தார்கள், லாட்டரிகூட நடத்தினார்கள். நீ அங்கே பிறந்திருந்தால் ஒரு கோபுரமே உன் காசில் எழும்பியிருக்கும்.

மேலே ஏற 533 படி. எதிரே இறங்குகிறவர்களுக்கும் அதே குறுகல் சுழல் படிதான். சுவரோடு ஒட்டி வழிவிட வேண்டும். நான் மணி இருக்கும் இடத்தோடு நின்றுவிட்டேன். 24 டன் மணி. நல்ல வேளை, அப்போது அடிக்கவில்லை.

மத்தியானம் ஒரு பழைய மதுக்கடையில் சாப்பாடு. 'அரைச் சேவல்' என்று ஒன்று எழுதியிருந்தது. சைவக்காரன் நான் பதறிப்போனேன். வந்தது ரை ரொட்டியும் சீஸும்! எதற்கு அந்தப் பேர் என்று கடவுளுக்கே வெளிச்சம். ஊர் பியரைச் சின்னச் சின்ன கிளாஸில் கொண்டுவந்து வைத்துக்கொண்டே இருக்கிறார்கள், கேட்கக்கூட மாட்டார்கள். போதும் என்றால் கிளாஸ் மேல் அட்டையை வைத்து மூட வேண்டும், பந்தியில் இலைக்கு மேல் கையை மறிப்போமே அதே மாதிரி. மருமகன் எத்தனையாவது கிளாஸில் மூடினார் என்பதை நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்.

திரும்பும்போது மெதுவான வண்டி, ரைன் கரையோடு. இடது ஜன்னல் பக்கம் உட்கார வைத்தார். கோப்லென்ஸ் தாண்டியதும் மலை இரண்டு பக்கமும் நெருங்கி வருகிறது. சரிவெல்லாம் பழுத்த திராட்சை இலை. காவுப் என்ற ஊருக்கு எதிரே ஆற்றின் நடுவில் ஒரு சின்னக் கோட்டை, கப்பல் நங்கூரம் போட்டது மாதிரி. படகுகளிடம் சுங்கம் வாங்கக் கட்டியதாம். அதைக் காட்டிக்கொண்டே மருமகன் சொன்னார்: "மாமா, இங்கேயே வீடு வாங்கலாம்னு இருக்கோம். போன வாரம் கையெழுத்துப் போட்டாச்சு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான்..."

டிக்கெட், பாலம், அரைச் சேவல் எல்லாம் எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. பாவம், அவரும் முதல் நாள் தூங்கியிருக்க மாட்டார். நல்லது தம்பி, எத்தனை ரூம் என்று கேட்டேன். அப்புறம் மைன்ஸ் வரும் வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன். இருட்டிவிட்டது; என் முகம்தான் தெரிந்தது.

உனக்குத் தெரியாதா. மேல மாசி வீதி வீட்டை நான் விற்காமல் வைத்திருப்பது எதற்காக? நீ 1998இல் கம்பியை நீட்டிவிட்டது எதற்காக? பையன் ஹூஸ்டனில் வீடு வாங்கிய அன்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. பரோட்டா சாப்பிடப் போகலாம் வா என்றாய். இப்போது அறுக்கிறேன் என்கிறாய். அறுக்காதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? மழைத் தண்ணீர் கம்பி வழியாக இறங்கி சீலிங் ஊறுகிறது என்று நீ சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. தங்கச்சி வடாம் துணி கட்ட வேறு இடம் பார்த்துக்கொள்ளட்டும், சரி. ஆனால் நான் இல்லாத நேரத்தில் அறுக்காதே.

தை மாதம் எட்டாம் தேதி மதுரையில் இருப்பேன். அதுவரை வெல்டிங் ஆளுக்கு ஏதாவது சாக்குச் சொல். கம்பிக்கு சிமென்ட் பால் ஒரு கோட் அடித்துவை. வந்ததும் ஒரு சாயங்காலம் மாடியில் உட்காருவோம். அதற்கப்புறமும் அறுக்க வேண்டும் என்றால் ஏணியை நானே பிடிக்கிறேன்.

தங்கச்சிக்கு ஒரு பாட்டில் ஓடிகொலோன் வாங்கியிருக்கிறேன். டியூப்லைட் கண்ணில் மட்டும் காட்டாதே. கொடைக்கானலில் பட்டது போதும்.

உன்,
ராசு