மாத்திரையை ஏன் நிறுத்துகிறார்கள்? தன்வரலாறுகள் சொல்லும், கேட்கத் தெரிந்தால்

ஆசிரியர் அவர்கட்கு,

தாதியர், ஆசிரிய மாணவர், குடும்பநல உத்தியோகத்தர் ஆகியோரின் மனநலப் பயிற்சியில், நோயை அனுபவித்தவர்களே எழுதிய தன்வரலாறுகளுக்கு இடம் வேண்டும். நோயறிகுறிகளை மனப்பாடமாக ஒப்பிப்பவருக்கும், ஒருவர் மாத்திரையை ஏன் நிறுத்துகிறார் என்பது விளங்குவதில்லை.

மருத்துவ உளவியலாளர் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன், உற்சாகமும் சோர்வும் எல்லைமீறி மாறிமாறி வரும் தமது இருதுருவ நோய் பற்றி 1995இல் நூல் எழுதினார். நோயைப் படித்துத் தேர்ந்த அவரே அதற்கான மருந்தான லித்தியத்தைக் கைவிட்டிருக்கிறார். குமட்டல், புத்தகத்தில் மனம் பதியாமை, உற்சாக நாட்களின் இழப்பு எல்லாம் அதில் வருகின்றன. முழு நூலையும் தூக்கிக் கொடுக்க வேண்டாம். இந்தப் பகுதியில் இரண்டு மூன்று பக்கம் தமிழில் வாசித்துக் காட்டினால் போதும்.

அங்கேயே நின்றுவிட்டால், "அவர் பேராசிரியர், நம் தோட்ட லயத்து ஆட்கள் வேறு" என்று மாணவர் ஒதுக்கிவிடுவார்கள். ஆகவே விபரங்களை மாற்றித் தயாரித்த, தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவரின் கிளினிக் கொப்பியைப் பக்கத்தில் வையுங்கள். நாலு வாரத்துக்கொரு மனநோய் மருந்து ஊசி. நடுவில் இரண்டு திகதி வெறுமை. ஏன்? கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் (நாட்சம்பளம்) இல்லை, பஸ் காசும் வேண்டும். ஊசியால் கை நடுங்கினால் கொழுந்து குறையும், அரைப்பேர்தான் விழும். நடுக்கத்துக்கு பென்செக்சோல் கொடுக்கலாம், ஊசியின் அளவையும் குறைக்கலாம். ஆனால் டாக்டர் சிங்களத்தில் கேட்க, கூட வந்தவர் மொழிபெயர்க்க, "கை நடுங்குதுங்க" என்பது இடையிலேயே காணாமல் போகிறது. கொப்பியில் "நலம்" என்று பதிவாகிறது. மாணவர் கண்டுபிடிக்க வேண்டியது இந்த இடத்தைத்தான்.

தற்கொலை முயற்சி வரும் பக்கங்களில் முறை, மருந்தின் அளவு, இடம் மூன்றையும் நீக்கிவிடுங்கள். வகுப்பிலும் அந்த நிலையைக் கடந்தவர் இருக்கக்கூடும். வாசிக்கும் பகுதியை முன்கூட்டியே சொல்லி, வெளியே இருக்க விரும்புவோரைக் காரணம் கேட்காமல் விடுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 உதவித் தொலைபேசி இலக்கம் வகுப்பு தொடங்குமுன் பலகையில் இருக்கட்டும்.

உள்ளூர்க் கதைகளில்தான் பெரிய தவறு நடக்கிறது. பெயரை மாற்றினால் போதுமென்று நினைக்கிறார்கள். டிவிஷன் (தோட்டப் பிரிவு), செய்யும் வேலை, பிள்ளைகளின் எண்ணிக்கை இந்த மூன்றும் இருந்தால், தோட்டத்தில் ஆளைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும். பிறகு மகளின் கல்யாணப் பேச்சு வரை அது துரத்தும். ஒலிப்பதிவு செய்து வாட்ஸ்அப்பில் விட்டால் திரும்பப் பெற வழியே இல்லை. எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள். அச்சுக்குப் போகும்வரை "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவருக்கு இருக்க வேண்டும். வகுப்புக்கே வந்து பேசுபவருக்கு ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும் அன்றே கையில் கொடுக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
மனநலப் பயிற்றுநர்கள் சிலர்,
ஹட்டன்.